ஊர்ப் பிள்ளைகளோடு ஆடிய கிழவர்

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று தினமும் சொல்கிறோமே, அந்தக் 'கே.ஜி.'க்கு விரிவு என்ன? ஒருநாள் ராத்திரி ஹாஸ்டலில் இந்தக் கேள்வியைப் போட்டேன். கிலோகிராம்தான், பிள்ளைகள் முதுகில் தூக்கிப் போகிற மூட்டையை நிறுத்துப் பார்த்தால் தெரியும் என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். சரியான பதில் ஒருவருக்கும் தெரியவில்லை. கேள்வி கேட்ட எனக்கும்தான்!

கேள்வி வந்ததே என் அக்கா மகனால். நாலு வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், எந்நேரமும் ஆடிக்கொண்டே இருக்கிறான் என்று பள்ளி டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார்கள். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. பையனுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டாள். விடுமுறை முடிந்து வந்ததும் லைப்ரரியில் தேட ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்தவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர்.

கே.ஜி. என்றால் கிண்டர்கார்டன். ஜெர்மன் சொல். குழந்தைகளின் தோட்டம் என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்தவர் ஃபிரெடரிக் ஃபிரோபெல். குழந்தை ஒரு இடத்தில் உட்காராது என்பதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாமல், அதையே முதல் பாடமாக எடுத்துக்கொண்ட மனிதர். அந்தப் பாடத்துக்கு ஒரு அரசாங்கம் தடை போட்டது என்பதையும் சேர்த்துத்தான் இவர் கதையைச் சொல்ல வேண்டும்.

1782 ஏப்ரல் 21 அன்று, துரிங்கியா காட்டுப் பகுதியில் ஓபர்வைஸ்பாக் என்ற கிராமத்தில் பிறந்தார். ஜெர்மனி என்று ஒரே நாடு அப்போது கிடையாது. சின்னச் சின்ன சமஸ்தானங்கள். அப்பா லூத்தரன் பாதிரியார், பெரிய சபையைக் கவனிப்பவர், வீட்டில் இருக்க நேரமில்லாதவர். குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது தாய் இறந்துவிட்டார். பிறகு சிற்றன்னை வந்தார். முதலில் பிரியமாகத்தான் இருந்தாராம். தனக்கென்று ஒரு பிள்ளை பிறந்ததும், அதுவரை நீ என்று அழைத்தவர், யாரோ வேற்று ஆளிடம் பேசுவதுபோல மூன்றாம் மனிதராக்கிப் பேசத் தொடங்கினார். அந்தச் சின்ன மாற்றத்தை ஃபிரோபெல் கடைசிவரை மறக்கவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு தன் வாழ்க்கையை எழுதும்போதும் அதை எழுதியிருக்கிறார்.

சுற்றிலும் மதிலும் கோயிலும் மறைக்கும் வீடு. வெளியே போய் மற்றப் பிள்ளைகளோடு விளையாட அனுமதி இல்லை. வீட்டுத் தோட்டம்தான் உலகம். படிப்பும் சரியாக வரவில்லை. இவன் மந்தம் என்று அப்பாவே முடிவு கட்டிவிட்டார்.

பத்து வயதில் ஒரு நல்ல காலம் பிறந்தது. ஸ்டாட்டில்ம் ஊரில் இருந்த தாய்மாமன் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஓடைக்கரையில் திறந்த வெளி. பள்ளிப் பையன்கள் அங்கே ஓடுவார்கள், தாண்டுவார்கள். இவரால் முடியவில்லை! வீட்டுக்குள்ளேயே வளர்ந்த கை கால்களில் பலமும் இல்லை, பழக்கமும் இல்லை. ஆசையோடு நின்று பார்த்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டார். உடம்பு தேறத் தேற மனசும் தேறியது என்பதைப் பிற்காலத்தில் அவரே புரிந்துகொண்டார். பின்னால் அவர் செய்த எல்லாவற்றுக்கும் விதை அந்த ஓடைக்கரையில்தான் விழுந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு அவர் அலைந்த அலைச்சல் நம் டிப்ளமோ நண்பர்களுக்கு ஆறுதலாக இருக்கும். 1797-ல், 15 வயதில், ஒரு வனக்காவலரிடம் தொழில் பழகப் போனார். அந்த மனிதர் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு வருஷம் காட்டில் சுற்றி, ஜியோமிதியும் செடி கொடிகளும் தானாகப் படித்தார். 1799-ல் ஜேனா பல்கலைக்கழகத்தில் படித்த அண்ணனுக்குப் பணம் கொண்டுபோகச் சொன்னார்கள். போனவர் அங்கேயே மாணவராகச் சேர்ந்துவிட்டார். கையில் இருந்ததை அண்ணனுக்குக் கடன் கொடுத்தார். அது திரும்பி வரவில்லை. சாப்பாட்டுக் கடன் 30 தாலர் ஏறி, பல்கலைக்கழகச் சிறையில் ஒன்பது வாரம் அடைபட்டார். அப்பாவின் சொத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத்தான் வெளியே வர முடிந்தது. அப்போது வயது 19. மெஸ் பில் கட்டாமல் முழிக்கிற நண்பர்கள் கவனிக்க!

பிறகு வன அலுவலகத்தில் குமாஸ்தா. நில அளவையாளர். ஒரு பண்ணையில் கணக்கு வழக்குப் பார்க்கும் செயலாளர். இன்றைக்கு இந்தப் பயோடேட்டாவோடு போனால் இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டார்கள். 1805-ல் கட்டடக் கலைஞர் ஆகிவிடுவது என்ற முடிவோடு ஃபிராங்க்ஃபர்ட் போனார். அங்கே குரூனர் என்பவர் ஒரு மாதிரிப் பள்ளி நடத்தி வந்தார். இவரைப் பார்த்ததும், நீ கட்டடம் கட்டப் பிறந்தவன் இல்லை, ஆசிரியராகப் பிறந்தவன் என்று சொல்லி, வேலையும் கொடுத்துவிட்டார். ஒன்பதிலிருந்து பதினோரு வயதுவரை முப்பது நாற்பது பையன்கள். முதல் வகுப்பு முடிந்ததுமே, இத்தனை நாள் தேடியது கிடைத்துவிட்டது என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதினார் 23 வயது ஃபிரோபெல்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவே பேசிக்கொண்டிருந்த ஆசிரியர் சுவிட்சர்லாந்தின் பெஸ்டலாசி. ஒரு பணக்கார வீட்டுப் பையன்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு 1808 முதல் 1810 வரை அவருடைய இவெர்டன் பள்ளியிலேயே ஃபிரோபெல் தங்கினார். வகுப்பைவிட மைதானம்தான் இவரைக் கட்டிப்போட்டது. வெயிலில் பையன்கள் விளையாடும்போது உடம்பு மட்டுமா வளர்கிறது? விட்டுக்கொடுப்பதும், திட்டம் போடுவதும், தோற்றால் தாங்குவதும் அங்கேதானே வருகிறது என்று பார்த்தார். குறையும் கண்டார். பாடங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன என்று நினைத்தார்.

அந்த ஒட்டு எங்கே கிடைத்தது தெரியுமா? கல்லில்! 1812-ல் பெர்லின் போய் வைஸ் என்ற பேராசிரியரிடம் கனிமவியல் படித்தார். நாம் மெட்டலர்ஜியில் மனப்பாடம் செய்கிற கிரிஸ்டல் சிஸ்டம் வகைப்பாட்டுக்கு அடித்தளம் போட்டவர்களில் வைஸ் முக்கியமானவர். அவருடைய மியூசியத்தில் கற்களை அடுக்கி வைக்கும் வேலையும் இவருக்குக் கிடைத்தது. உப்புக்கல்லும் படிகமும் உள்ளே இருக்கும் விதிப்படி தன் வடிவத்தைத் தானே கட்டிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து, மனிதக் குழந்தையும் இப்படித்தான் உள்ளிருந்து வெளியே வளர்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

நடுவில் 1813-ல் நெப்போலியனை எதிர்த்து லூட்ஸோ தொண்டர் படையில் காலாட்படை வீரராகச் சேர்ந்தார். யுத்தத்தில் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனால் லாங்கெதால், மிடன்டார்ஃப் என்று இரண்டு நண்பர்கள் கிடைத்தார்கள். பல வருஷம் கூட நின்றவர்கள். அதே படையில் இன்னொருவரும் இருந்தார், யான். 1811-ல் பெர்லினில் திறந்தவெளி உடற்பயிற்சி மைதானம் அமைத்து, இளைஞர்களைப் பாரில் தொங்க விட்டவர். அந்த மைதானங்களில் அரசியல் பேசுகிறார்கள் என்று பிரஷ்ய அரசு சந்தேகப்பட்டது. 1819-ல் யானைக் கைது செய்தது. 1820-ல் பொது உடற்பயிற்சிக்கே தடை விதித்தது. அந்தத் தடை 1842 வரை நீடித்தது. உடம்பை அசைக்கச் சொல்லிக்கொடுப்பதும் ஆபத்தான தொழிலாக இருந்த காலம் அது என்பதற்காகச் சொல்கிறேன்.

யுத்தக் காய்ச்சலில் ஃபிரோபெலின் அண்ணன் கிறிஸ்டோஃப் இறந்துபோனார். தகப்பன் இல்லாத அந்தப் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்பதற்காக மியூசியம் வேலையை விட்டுவிட்டு, 1816-ல் கிரீஸ்ஹைம் கிராமத்தில் பள்ளி ஆரம்பித்தார். மொத்த மாணவர்கள் ஐந்து பேர், ஐந்து பேரும் அண்ணன்மார் பிள்ளைகள். மறுவருஷம் கைல்ஹாவ் என்ற இடத்துக்கு மாறினார்கள். அங்கே படிப்போடு தோட்ட வேலை, மர வேலை, மலை ஏற்றம், ஓட்டம் எல்லாம் உண்டு. வளர்ந்து 60 பேர்வரை சேர்ந்தார்கள். பிறகு இதுவும் புரட்சிக்காரர்களின் கூடாரம் என்று பிரஷ்யா மூக்கை நுழைத்தது. 1825-ல் சோதனைக்கு வந்த அதிகாரி பள்ளியைப் புகழ்ந்துதான் அறிக்கை கொடுத்தார். என்ன பிரயோஜனம்? பயந்த பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். 1829-ல் மிஞ்சியது மறுபடியும் ஐந்தே பேர்.

1826-ல் 'மனிதனின் கல்வி' என்ற புத்தகம் எழுதினார். உண்மையைச் சொன்னால் அதைப் படித்து முடிப்பது பெரும்பாடு. எல்லாவற்றிலும் இறைவனின் ஒருமை என்று பக்கம் பக்கமாகப் போகும். பந்தைக் கண்டாலும் அவருக்குப் பிரபஞ்சம் தெரியும்! அந்தத் தத்துவம் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் நடுநடுவே குழந்தை விளையாடுவதைப் பார்த்து எழுதிய இடங்களில் அவருடைய கண் எவ்வளவு கூர்மை என்று தெரியும். விளையாட்டுதான் அந்த வயதின் வேலை என்று அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்.

1831 முதல் 1836 வரை சுவிட்சர்லாந்தில் பள்ளிகள், கடைசியாக பர்க்டார்ஃப் ஊர் அநாதை இல்லம். அங்கே சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோது, ஆறு ஏழு வயதில் பள்ளிக்கு வருவதற்குள்ளேயே பாதிக் காரியம் கைநழுவிப் போய்விடுகிறது என்பது அவருக்கு உறைத்தது. 1837-ல் துரிங்கியாவுக்குத் திரும்பி, பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் விளையாட்டுச் சாமான் செய்ய உட்கார்ந்தார். வயது 55. நம் ஊரில் ரிட்டயர்மென்ட்டுக்கு நாள் எண்ணுகிற வயது.

அவர் செய்த சாமான்களுக்குப் 'பரிசுகள்' என்று பெயர். முதல் பரிசு கம்பளி நூலில் பின்னிய ஆறு பந்துகள், ஆறு நிறம், ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு. கைக்குழந்தை விரலை மடக்கி மடக்கிப் பிடிக்கப் பார்க்கிறதே, அதற்குப் பிடிக்க ஏதாவது வேண்டாமா? பந்தைக் கொடு. கயிற்றைப் பிடித்து ஆட்டு, இழு, மறைத்துக் காட்டு. இரண்டாவது, மரத்தில் கடைந்த உருண்டை, கனசதுரம், உருளை. இதில்தான் நம்ம ஆள் ஒரு வேலை செய்திருக்கிறார். கனசதுரத்தைக் கயிற்றில் தொங்க விட்டு முறுக்கிச் சுழல விட்டால் கண்ணுக்கு உருளையாகத் தெரியும். உருளையைக் குறுக்காகத் தொங்க விட்டுச் சுற்றினால் உருண்டை மாதிரித் தெரியும். லேத்தில் சதுரக் கட்டையை மாட்டி ஓட விட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அதை மூன்று வயதுப் பிள்ளை வாய் பிளந்து பார்க்கும்படி செய்தார்.

மூன்றாவது பரிசு, இரண்டு அங்குலக் கனசதுரம் ஒன்று, எட்டு ஒரு அங்குலக் கட்டைகளாகப் பிரியும். அடுத்ததில் எட்டுச் செங்கல் வடிவக் கட்டைகள். ஐந்தாவதில் 27 கனசதுரங்கள், அதில் மூன்றை மூலைவாக்கில் இரண்டிரண்டாகவும், இன்னும் மூன்றை நான்கு நான்காகவும் அறுத்திருப்பார்கள். ஆக 39 துண்டு. பெட்டியைக் கவிழ்த்துத் தூக்கினால் முழுக் கனசதுரம் நிற்க வேண்டும். விளையாடி முடித்ததும் அதே மாதிரி சேர்த்துப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். நடுவில் நாற்காலி கட்டலாம், பாலம் கட்டலாம், பூக்கோலம் மாதிரி அடுக்கலாம். கட்டியதைத் தட்டிவிடாமல் ஒவ்வொரு கட்டையாக நகர்த்தி இன்னொன்றாக மாற்ற வேண்டும் என்பது விதி. (அக்கா மகனிடம் இந்த விதி செல்லாது. அவனுக்குத் தட்டிவிடுவதில்தான் ருசி.) இது தவிர காகிதம் மடிப்பது, பாய் பின்னல், களிமண், ஊறவைத்த பட்டாணியில் குச்சி செருகி உருவம் கட்டுவது எல்லாம் உண்டு.

இதோடு நிறுத்தியிருந்தால் அவர் ஒரு பொம்மைக் கம்பெனிக்காரர், அவ்வளவுதான். பெட்டியை மூடிய பிறகுதான் அவருடைய பள்ளியில் முக்கால்வாசி நடந்தது. பிள்ளைகள் கைகோத்து வட்டமாக நிற்பார்கள். ஒரு கோடியில் இருக்கும் குழந்தை உள்ளே உள்ளே சுற்றிப் போக, வரிசை நத்தை ஓடு மாதிரிச் சுருளும். பிறகு அப்படியே அவிழும். வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றினால் ஆலைச் சக்கரம். கைகளைத் தூக்கினால் புறாக்கூடு. உள்ளே இருக்கும் புறாக்கள் பறந்து போய்த் திரும்பி வந்து என்ன பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். ஓடவும் வேண்டும், பாடவும் வேண்டும், இடிக்காமல் நிற்கவும் வேண்டும். பேச்சு, பாட்டு, உடம்பு என்று தனித்தனிப் பீரியட் கிடையாது. வெளியே ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சின்னப் பாத்தி, அதைச் சுற்றி எல்லோருக்கும் பொதுவான பாத்திகள். 1844-ல் தாய்மார்களுக்காக ஒரு பாட்டுப் புத்தகமும் போட்டார். மடியில் இருக்கும் குழந்தையின் விரலையும் காலையும் அசைத்து விளையாடுவதற்கான படம், பாட்டு, மெட்டு மூன்றும் அதில் உண்டு. நாட்டுப்புறத் தாய்மார்கள் தானாகச் செய்வதைப் பார்த்து எடுத்துக்கொண்டதுதான் அதில் பல.

பெயர்தான் ரொம்ப நாளாகக் கிடைக்கவில்லை. நண்பர்களோடு மலைப்பாதையில் பிளாங்கன்பர்க் நோக்கி நடந்துகொண்டிருந்தவர், சட்டென்று நின்று, கிண்டர்கார்டன் என்று கத்தினார் என்பது கூட நடந்த பாரோப் சொல்லி வைத்த கதை. 1840 ஜூன் 28 அன்று அந்தப் பெயரில் விழா எடுத்தார்கள். ஒரு வருஷம் முன்னால், 1839-ல், மனைவி வில்ஹெல்மினா இறந்திருந்தார். பார்க்க அவர் இல்லை.

கிண்டர்கார்டனில் சொல்லிக்கொடுக்கப் பெண்களைப் பயிற்றுவித்தார். ஆசிரியர் வேலை ஆண்களுக்குத்தான் என்றிருந்த நாட்டில் இதைப் பலர் கேலி செய்தார்கள். 1849-ல் லீபன்ஸ்டைன் என்ற ஊருக்கு வந்த மாரன்ஹோல்ட்ஸ் சீமாட்டியிடம் உள்ளூர்க்காரர்கள், இங்கே ஒரு கிழட்டுப் பைத்தியம் பண்ணை வீட்டில் இருந்துகொண்டு ஊர்ப் பிள்ளைகளோடு ஆடிக்கொண்டிருக்கிறது என்று சொன்னார்களாம். போய்ப் பார்த்தார். நரைத்த நீள முடி, 67 வயது, வெறுங்கால் பிள்ளைகள் நடுவில் வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தார் ஃபிரோபெல். சீமாட்டி அன்றோடு அவருக்குச் சீடர் ஆகிவிட்டார். 1850 ஆகஸ்டில் ஆல்டன்ஸ்டைன் அரண்மனைத் தோட்டத்தில் சுமார் 300 பிள்ளைகளைச் சேர்த்து ஒரே நாளில் விளையாட்டு விழா நடத்தினார் கிழவர். வாழ்க்கையில் அவருக்கு நிறைந்த நாள் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

சரியாக ஒரு வருஷம். 1851 ஆகஸ்ட் 7 அன்று பிரஷ்யாவில் கிண்டர்கார்டன்களுக்குத் தடை! நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகின்றன என்று அமைச்சர் ஃபொன் ராவ்மர் காரணம் சொன்னார். ஃபிரோபெலோ பாதிரியார் மகன், வரிக்கு வரி கடவுளைச் சொல்பவர். பிறகு எப்படி? கார்ல் ஃபிரோபெல் என்ற இன்னொருவர் பெண்களின் உயர்கல்வி பற்றியும் கிண்டர்கார்டன் பற்றியும் ஒரு சிறு புத்தகம் போட்டிருந்தார். அவரையும் இவரையும் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். அந்தக் கார்ல் வேறு யாருமில்லை, மியூசியம் வேலையை உதறிவிட்டு இவர் வளர்த்தெடுத்த அதே அண்ணன் பிள்ளைகளில் ஒருவர். இன்னொரு பிள்ளை யூலியுஸ், 1848 புரட்சியில் கலந்துகொண்டு வியன்னாவில் மரண தண்டனை விதிக்கப்பட்டுக் கடைசி நேரத்தில் தப்பியவர். குடும்பப் பெயரே போதுமானதாக இருந்தது. ஃபிரோபெல் விளக்கம் எழுதினார், ராஜாவுக்கே மனுப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. வெறும் பெயர்க் குழப்பம் என்று மட்டும் என்னால் நினைக்க முடியவில்லை. தானாக யோசித்து, தானாகக் கட்டி, சேர்ந்து ஆடிப் பழகிய பிள்ளைகள் வளர்ந்தால் என்ன ஆவார்கள் என்று அந்த அமைச்சருக்குக் கொஞ்சம் தெரிந்துதான் இருந்திருக்கும்.

பத்து மாதத்தில், 1852 ஜூன் 21 அன்று, மாரியன்தால் என்ற இடத்தில் ஃபிரோபெல் காலமானார். பக்கத்து ஷ்வைனா கிராமத்தில் அடக்கம். நண்பர் மிடன்டார்ஃப் யோசித்து வைத்த கல்லறையில் கனசதுரம், அதன்மேல் உருளை, அதன்மேல் உருண்டை. இரண்டாவது பரிசு! பிரஷ்யா 1860-ல் தடையை நீக்கியது.

அதற்குள் நாட்டை விட்டு ஓடிய ஜெர்மானியர்களோடு அவருடைய பள்ளி லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டது. 1876-ல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் ஒரு தாய் அந்தக் கட்டைகளைப் பார்த்து ஒன்பது வயது மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்தப் பையன் ஃபிராங்க் லாயிட் ரைட், நியூயார்க் குகென்ஹைம் மியூசியத்தை வடிவமைத்தவர். அந்த மரக்கட்டைகள் தன் விரல்களை விட்டுப் போகவே இல்லை என்று கடைசிவரை சொல்லி வந்தார். பட்டாணியும் குச்சியும் வைத்து முக்கோணம் முக்கோணமாகக் கட்டிய தூரப்பார்வைக் குழந்தை ஒன்று பின்னால் ஜியோடெசிக் டோம் கட்டியது, அவர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். கட்டடக் கலைஞர் ஆகப் போய் ஆகாமல் திரும்பியவர் ஃபிரோபெல் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

ஆனால் பெட்டி கப்பல் ஏறிய அளவுக்குத் தோட்டம் ஏறவில்லை. பெட்டியை விற்கலாம், வட்டமாகச் சுற்றுவதை விற்க முடியுமா? பிள்ளைகளைக் கட்டம் போட்ட மேஜை முன்னால் உட்கார வைத்து, டீச்சர் சொல்லச் சொல்ல ஒரே நேரத்தில் ஒரே கட்டையை நகர்த்த வைத்த பள்ளிகள் அமெரிக்காவில் நிறைய வந்தன. கையும் விரலும்தான் வேலை செய்கின்றன, உடம்பு எங்கே போயிற்று என்று அங்கேயே கல்வியாளர்கள் சண்டை போட்டார்கள். அதில் ஃபிரோபெலுக்கும் பங்கு உண்டு என்றுதான் சொல்வேன். எந்தப் பரிசுக்குப் பின் எந்தப் பரிசு என்று அவர் அத்தனை கறாராக எழுதி வைத்திருக்க வேண்டாம். எப்படியோ, பெயர் ஊர் ஊராகச் சுற்றி நம்ம தெரு முனைக்கும் வந்துவிட்டது. பாத்தி வரவில்லை, வட்டம் வரவில்லை, இப்போது பெட்டியும் இல்லை. ரெண்டு கோடு நோட்டுதான் இருக்கிறது.

போன செமஸ்டர் லீவுக்கு முன் கார்பென்டரி ஷாப்பில் கழிவுத் துண்டில் ஒரு அங்குலக் கட்டை எட்டு அறுத்தேன். எட்டும் சேர்ந்து இரண்டு அங்குலக் கனசதுரம் ஆக வேண்டும். டிரை ஸ்கொயர் வைத்துப் பார்த்தால் இரண்டு கட்டையில் வெளிச்சம் தெரிந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே ஒரு மாலை போயிற்று. வீட்டுக்குக் கொண்டுபோய் அக்கா மகன் முன்னால் பெட்டியைக் கவிழ்த்துத் தூக்கிக் காட்டினேன். ஃபிரோபெல் விதிப்படி முழுசாக நின்றது. ஒரு நிமிஷம் பார்த்தான். எட்டையும் வரிசையாக வைத்து ரயில் என்றான், தள்ளிக்கொண்டே வீடு முழுக்கத் தவழ்ந்தான், எழுந்து வாசல் வரைக்கும் ஓடினான். அவனைப் பார்த்து அக்கா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். டைரியில் கையெழுத்துப் போடும்போது சிவப்பு மை வரிக்குக் கீழே அவள் ஒன்றும் எழுதவில்லை. இப்போது ஏழு கட்டைதான் இருக்கிறதாம். எட்டாவதைப் பீரோவுக்கு அடியில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.